பழந்துணிக்கு ஒரு போக்கிடம்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இந்த மேடையிலே ஆண்டுதோறும் பேசப்படும் பொருள்கள் பெரியவை. சமயம், கல்வி, மொழி, இளைஞர் கடமை என்று அவை விரிந்து செல்லும். அந்த வரிசையிலே பழைய உடுப்பைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சிலருக்குச் சிரிப்பாகவும் இருக்கலாம். ஆயினும், அலுமாரிக்கு மேலே ஒரு மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, "இதை ஆருக்குக் கொடுப்பது?" என்று ஒரு முறையேனும் கேளாத வீடு இவ்வூரில் இல்லை என்று துணிந்து சொல்லலாம். மூட்டை அங்கேயே இருக்கிறது. அதன்மேல் இன்னொரு மூட்டை ஏறுகிறது. பல்லி முட்டையிடுகிறது. ஈற்றில் ஒரு தைப்பொங்கலுக்கு முன், வீடு துப்புரவாக்கும் வேளையிலே, வளவின் மூலையில் போட்டு நெருப்பு வைத்துவிடுகிறோம். அந்தப் புகை அயல்வீட்டுக்குப் போகிறது. இதுதான் நாம் இன்றைக்குக் கண்டிருக்கும் வழி.

நமது பாட்டன் பாட்டிமாருக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. அவர்களிடம் நம்மிலும் பெரிய மனம் இருந்தது என்று சொல்லிப் புகழ்வதற்கில்லை. துணி குறைவாக இருந்தது, அவ்வளவே. வருஷப்பிறப்புக்கோ தீபாவளிக்கோ ஒரு புதுத்துணி. அது றங்குப்பெட்டியிலே கற்பூர வாசத்தோடு கிடந்து, நல்லநாள் பெருநாளுக்கு வெளியே வரும். சீலை நைந்தால் பிள்ளைக்குப் பாவாடையாகும். பாவாடை நைந்தால் அடுப்படியிலே சட்டி இறக்கும் துணியாகும். நல்ல நூற்சீலையென்றால் ஏணை கட்டுவதற்கென்றே எடுத்து வைப்பார்கள். பேரனார் உடுத்துத் தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன வேட்டியைத்தான், பிறந்த பிள்ளையைப் பொதிவதற்குத் தேடினார்கள். புதுத்துணியின் கஞ்சி பச்சைப்பிள்ளையின் உடம்பை உறுத்தும் என்பது அவர்கள் அறிந்த விஷயம். அதே வேட்டியின் மிச்சம் கீலங் கீலமாகக் கிழிபட்டு விளக்குக்குத் திரியாகும். திரிக்குப் புதுத்துணியே வேண்டும் என்று வாதாடும் பெரியவர்களும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த வழக்கை இன்று நாம் தீர்க்கப் போவதில்லை. ஒரு துணி எரிந்து சாம்பலாகும் வரைக்கும் அதற்கு வீட்டுக்குள்ளேயே வேலை இருந்தது என்பதையே இங்கு சொல்ல வந்தோம்.

1977ஆம் ஆண்டிலே இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின்னர் துணி மலிந்தது. அதன் பின்னர் இந்நாடு தானே ஆடைத் தொழிற்சாலைகளின் நாடாயிற்று. இன்று நமது கைத்தொழில் ஏற்றுமதியில் முதலிடம் உடுப்புக்கே. ஆனால், மலிவோடு வந்த மாற்றம் ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பருத்தி போய்ப் பொலியெஸ்டர் வந்தது. பொலியெஸ்டர் என்பது மண்ணெண்ணெய்க்கும் பொலித்தீனுக்கும் உறவினன், நிலத்தெண்ணெயிலிருந்து பிறந்தவன். அவன் ஏணைக்கு உதவான், வியர்வை உறிஞ்சான்; சட்டி பிடித்தால் உருகிக் கையிலே ஒட்டுவான்; திரியாகத் திரித்தால் உருகிப்போவான். மண்ணிலே புதைத்தாலும் நமது பேரப்பிள்ளைகள் காலம் வரையிலும் அப்படியே கிடப்பான். ஆகவே, பாட்டி காட்டிய வழி இன்றைய துணியிலே பாதிக்கு மேல் செல்லுபடியாகாது. "முந்தியெல்லாம் நாங்கள்..." என்று தொடங்கும் பெரியோர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். இளைஞர்களின் சோம்பல் ஒரு பங்கு. துணியின் குணம் மற்றப் பங்கு.

நிற்க. வீட்டுக்குள் வேலையில்லாத துணியை வெளியே கொடுப்பது பற்றிப் பார்ப்போம். இதிலேதான் சொல்லவேண்டியவை அதிகம்.

பழைய உடுப்புக் கொடுப்பது நம்மூரிலே நெடுங்காலமாக நடந்துவந்த காரியம். ஆனால், அது எப்போதும் மேலேயிருந்து கீழேதான் நடந்தது. உடுத்தவர் ஒரு குடி. வாங்கியவர் வேறு குடி. வாங்கியவர் அதை முற்றத்தில் நின்று வாங்கினார். விறாந்தையில் ஏறி வாங்கவில்லை. "அவர்களுக்குக் கொடுத்தோமே" என்று நாம் புண்ணியக் கணக்கிலே எழுதிக்கொண்டதை, அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவும் கூசினார்கள். இன்று அந்தப் பிள்ளைகள் படித்து, உத்தியோகம் பார்த்து, "உங்கள் பழசு எங்களுக்கு வேண்டாம்" என்கிறார்கள். அதைக் கேட்டு, "காலம் கெட்டுப்போச்சு, வாங்கவும் ஆளில்லை" என்று முறையிடுகின்ற குரல்களையும் நாம் கேட்கிறோம். காலம் கெடவில்லை. ஒருவர் வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலைக்கு வந்தால், அது ஊர் திருந்தியதற்கு அடையாளம்.

ஆனால், வாங்கவேண்டிய நிலை எந்த வீட்டுக்கும் எந்த நாளும் வரலாம் என்பதை இங்குள்ளவர்களுக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி இரவு, மழையிலே, வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. கட்டிய துணியோடு போனவர் எத்தனை பேர்! அதற்கு முன்னும் பொருளாதாரத் தடைக் காலத்திலே, சவர்க்காரம் கிடையாமல், பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியிலே உடுப்புத் தோய்த்தவர்கள்தாமே நாம்? அந்த நாட்களிலே நமக்கும் பிறர் உடுப்புக் கொடுத்தார்கள். தோய்த்து, மடித்து, "உங்கடை அளவுக்குச் சரியோ தெரியாது, பாருங்கோ" என்று தந்தவர்களும் உண்டு. தெறி அறுந்த சட்டை, கறை போகாத சோட்டி, ஒரு காலுக்கு மாத்திரம் காலுறை என்று சாக்கிலே அள்ளிக் கொட்டியவர்களும் உண்டு. எது யார் தந்தது என்பது மறந்துபோயிற்று. எப்படித் தந்தார்கள் என்பது மறக்கவில்லை.

"தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்பது ஒரு பழமொழி. வாங்குபவன் குறை சொல்லக்கூடாது என்பதற்காக அதைச் சொல்லி வைத்தார்கள். நாம் கேட்கிறோம்: மாடு தொழுவத்தை விட்டு வெளியே போகுமுன், கொடுப்பவனே அந்தப் பல்லைப் பிடித்துப் பார்த்தால் என்ன?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி கடல் எழுந்து இந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பின்னர் உலகம் முழுவதிலுமிருந்து உடுப்பு வந்து குவிந்தது. அனுப்பியவர்களின் மனம் நல்ல மனந்தான். ஆனால், வந்தவற்றுள் பனிநாட்டிலே போடுகின்ற தடித்த கம்பளி மேற்சட்டைகள் இருந்தன. குதி உயர்ந்த சப்பாத்துக்கள் இருந்தன. திருக்கோணமலை, மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளிலே, வெயிலிலே நிற்கின்ற கடற்றொழிலாளியின் மனைவி அவற்றை என்ன செய்வாள்? அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு பாவாடை, ஒரு துவாய், உள்ளுடுப்பு, மாதவிலக்குக்குச் சுத்தமான துணி. இவற்றை வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. சாக்குக்குள்ளே தேடினால் கிடைக்கவும் மாட்டாது. கடலுக்கு அப்பால் நாகபட்டினம் பக்கத்திலும் இதே கதைதான். அங்கே வீதியோரங்களிலே துணி மலை மலையாகக் கிடந்து, மழையிலே நனைந்து, மாடு மிதித்துப் பாழாயிற்று.

நமது பழைய வள்ளல்களில் ஒருவனாகிய பேகன், தோகை விரித்த மயிலைக் கண்டு, குளிருக்கு நடுங்குகின்றதென எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தான். மயில் கேட்கவுமில்லை, அதற்கு உடுக்கவும் தெரியாது. பழந்தமிழர் இத்தகைய ஈகைக்குக் கொடைமடம் என்று ஒரு பெயரே வைத்தார்கள். பேகனைப் புகழ்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால், பேகன் கொடுத்தது தான் போர்த்தியிருந்த நல்ல போர்வையை என்பதையும் மறந்துவிடலாகாது. மயிலுக்குக் கிழிசலைப் போர்த்தியிருந்தால் அவன் பெயர் ஏழு வள்ளல்களுக்குள் வந்திருக்குமா?

இந்த இடத்திலே ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். டில்லியைச் சேர்ந்த அன்ஷு குப்தா என்பவர், டில்லி வீதிகளிலே ஆளற்றுக் கிடக்கும் பிணங்களை எடுத்துச் செல்வதைத் தொழிலாகக் கொண்ட ஒருவரைத் தமது இளமையிலே சந்தித்தார். மாரிகாலத்திலே அந்தத் தொழில் அதிகமாக இருக்கும் என்று அறிந்தார். நோயும் பசியும் போல, போதிய துணியில்லாமையும் ஆளைக் கொல்லும் என்பது அவருக்கு அன்றுதான் விளங்கியது. 1990களின் இறுதியிலே தம் வீட்டிலிருந்த 67 உடுப்புக்களோடு 'கூஞ்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2015ஆம் ஆண்டிலே அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர் செய்ததிலே நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, துணியை இரக்கத்துக்குக் கொடுக்காமல், வேலைக்குக் கொடுத்தார். ஒரு கிராமத்தார் தங்களுக்குத் தேவையான கிணற்றைத் தாங்களே தோண்டுவார்கள். பாதையைத் தாங்களே திருத்துவார்கள். அதற்குரிய ஊதியமாக, குடும்பத்துக்கு ஏற்றபடி தெரிந்தெடுத்துக் கட்டிய உடுப்புப் பொதி அவர்கள் கைக்கு வரும். வாங்கியவர் உழைத்து வாங்கினார், தலை குனியவில்லை. மற்றையது, உடுக்க உதவாத பருத்தித் துணியைத் தோய்த்து, வெட்டி, மாதவிலக்குக்கான துணிகளாக ஆக்கினார். இந்த விஷயத்தை ஒரு மேடையிலே பேசலாமா என்று முகஞ் சுளிப்பவர் இருந்தால் சுளிக்கட்டும். சுனாமிக் காலத்து முகாம்களிலே இருந்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையிலே சுனாமிக்குப் பின் வீணாகக் கிடந்த துணியை வாரியெடுத்து, பிரித்து, பயன்படுத்தியவர்களும் இவர்களே.

இனி, "நாங்கள் கனடாவிலே, இலண்டனிலே பெட்டிக்குள் போட்டுவிடுகிறோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று நமது உறவினர்கள் சொல்லுகிறார்கள். அங்கே வீதியோரத்திலும் கடைவாசலிலும் அதற்கென இரும்புப் பெட்டிகள் நிற்கின்றன. போடுவது இலகு; போட்டவுடன் மனமும் இலேசாகிவிடும். அந்தத் துணியின் ஒரு பகுதிதான் அங்கேயுள்ள தருமக் கடைகளில் விலைப்படுகிறது. மிகுதி இறுக்கிக் கட்டிய பொதிகளாகக் கப்பலேறுகிறது. ஆபிரிக்காவிலே, கானா நாட்டுத் தலைநகர் அக்ராவிலே, கந்தமாந்தோ என்ற பெரிய பழந்துணிச் சந்தை உண்டு. அங்கே இவ்வுடுப்புக்கு வழங்கும் பெயரின் பொருள் 'செத்த வெள்ளையனின் உடுப்பு' என்பது. உயிரோடு இருப்பவன் இவ்வளவு நல்ல துணியை ஏன் எறியப்போகிறான் என்று அம்மக்கள் எண்ணினார்கள். அதனால் வந்த பெயர். இப்போது அங்கே போவதிலே நல்லது குறைந்து, மட்டமானது கூடிவிட்டது. பொதியைப் பிரித்துப் பார்க்காமலே காசு கொடுத்து வாங்குகிறாள் அந்தச் சிறுவியாபாரப் பெண். உள்ளே கழிசல் என்றால் நட்டம் அவளுடையது; கழித்தது கடற்கரைக்குப் போகிறது. 2025ஆம் ஆண்டு பிறந்த அன்றிரவே அந்தச் சந்தை பெருந்தீயில் வெந்து, ஆயிரக்கணக்கானோர் பிழைப்பு இழந்தனர். தென்னமெரிக்காவில் சிலி நாட்டிலே, அத்தக்காமா பாலைவனத்திலும் இப்படியே உடுப்பு மேடுகள் எழுந்தன. பாலைவனத்திலே கேட்பாரில்லை என்று கொட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியம், 2025ஆம் ஆண்டு தை முதலாந் தேதி தொடக்கம், துணியை மற்றக் குப்பையோடு சேராமல் வேறாகச் சேர்க்கவேண்டும் என்று தன் நாடுகளுக்கு விதித்திருக்கிறது. சேர்த்தபின் எங்கே கொண்டுபோவது என்பதிலே அவர்களும் நம்மைப் போலவே தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள்.

"பழைய துணியிலிருந்து புதுத்துணி செய்யக்கூடாதா?" என்று விஞ்ஞானம் படிக்கும் தம்பிமார் கேட்பார்கள். செய்யலாம், அது புதுக் கண்டுபிடிப்புமல்ல. இங்கிலாந்திலே யோர்க்சயரில், பட்லி என்ற ஊரிலே, பெஞ்சமின் லோ என்பவர் 1813ஆம் ஆண்டிலேயே பழைய கம்பளித் துணியைப் பிய்த்து, பஞ்சாக்கி, மீண்டும் நூலாக்கினார். இன்று அந்தத் தொழிலுக்குப் பேர்போன இடம் வட இந்தியாவிலுள்ள பானிபட். மகாயுத்தங்கள் நடந்த அதே பானிபட்தான். அங்கே பெண்கள் நிலத்திலே அமர்ந்து, அரிவாளைப் போன்ற கத்தியிலே சட்டைகளை அறுத்துத் தெறியையும் சிப்பையும் நீக்குகிறார்கள். பின்னர் சிவப்பைச் சிவப்போடும் நீலத்தை நீலத்தோடும் சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் சேர்த்தால் சாயம் போடவேண்டியதில்லை. அதை இயந்திரம் பிய்த்து நூலாக்க, அந்நூல் மலிவான போர்வையாகிறது. உலகில் எங்கேனும் நிலம் நடுங்கினால் தொண்டு நிறுவனங்கள் கொண்டுபோய்க் கொடுத்த போர்வைகளிற் பல பானிபட்டில் நெய்தவை. நம்முடைய முகாம்களில் வந்த சாம்பல் நிறப் போர்வையைச் சிலர் நினைத்துக்கொள்வீர்கள். அது எங்கே நெய்தது என்று நாம் விசாரித்ததில்லை. ஆனால், அந்தத் தொழிலும் கம்பளிக்கே நன்றாக ஒத்துவரும். பருத்தியும் பொலியெஸ்டரும் இழுபடும் ரப்பர் நூலும் கலந்து நெய்த இன்றைய துணியை வேறு வேறாகப் பிரிப்பது பெரும்பாடு. உலகத்திலே உடுப்புக்காகச் செலவாகும் மூலப்பொருளில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவானதே மீண்டும் உடுப்பாகிறது என்று 2017ஆம் ஆண்டிலே எலன் மக்ஆர்தர் அறநிறுவனம் கணக்குக் காட்டியது.

ஆகவே, நமது மூட்டைக்கு வெளிநாட்டு வைத்தியம் கிடையாது. இவ்வூரிலே இருந்துகொண்டு என்ன செய்யலாம் என்பதையே பார்க்கவேண்டும். சென்ற சில மாதங்களாக நமது மன்றத்தார் பல இடங்களுக்கும் போய் விசாரித்ததிலிருந்து சிலவற்றைச் சொல்லுகிறோம்.

முதலிலே கேட்கவேண்டும். முதியோர் இல்லம் ஒன்றிலே கேட்டபோது, அவர்களிடம் சீலையும் சேட்டும் வைப்பதற்கு இடமின்றி நிரம்பிக் கிடந்தன. அவர்கள் கேட்டது சாரம், தெறியில்லாமல் முன்பக்கம் நாடா கட்டும் சட்டை, பழைய நூல்விரிப்பு. கை நடுங்குகின்றவருக்குத் தெறி போட முடியாது. படுக்கையிலே இருப்பவருக்கு விரிப்பு ஒரு நாளைக்கு மூன்று தேவை. இதை நாம் வீட்டிலிருந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியுமா? சிறுவர் இல்லத்திலே, உள்ளுடுப்பும் துவாயும் புதிதாகவே வேண்டும் என்றார்கள். அது நியாயம். பிறர் உடுத்த உள்ளுடுப்பை ஒரு பிள்ளைக்கும் கொடுக்கலாகாது. அதைச் சட்டமாகவே வைத்துக்கொள்வோம். வைத்தியசாலையென்றால் விடுதிக்குப் பொறுப்பான தாதியாரைக் கேளாமல் ஒரு துணியும் கொண்டுபோகக்கூடாது.

சுனாமிக் கரையிலே பொருந்தாத கம்பளிச் சட்டைகளைப் பற்றிச் சொன்னோம். அதே சட்டைக்கு நுவரெலியாவிலே வேலையுண்டு. தை மாதத்து விடியலிலே அங்கே புல்லின்மேல் பனி உறைந்து கிடக்கும். கொழுந்து பறிக்கப் போகும் தாய்க்கும் பள்ளிக்கூடம் நடக்கும் பிள்ளைக்கும் ஒரு சுவெற்றர் பெரிய காரியம். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி வந்து மலைநாட்டிலே மண் சரிந்தபோது, உயிரோடு தப்பியவர்கள் நனைந்த துணியோடு குளிரிலே நின்றார்கள். வெளிநாட்டிலிருந்து வருகின்ற உறவினர்கள் இங்கே விட்டுப்போகும் குளிர்ச்சட்டைகள் நம்மூரிலே எத்தனை அலுமாரிகளில் பூச்சி தின்கின்றன! அவற்றை மாத்திரம் வேறாகச் சேர்த்து, தோட்டப் பாடசாலை ஒன்றின் அதிபரோடு எழுதிப் பேசி, எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று அறிந்து அனுப்பலாம்.

அடுத்தது, இலவசம் என்ற சொல்லை விட்டுவிடலாம் என்பது நமது கருத்து. கோயிலிலே அம்மனுக்குச் சாத்திய சீலையை ஏலத்திலே எடுக்கிறோம். அதை எவரேனும் 'பழசு' என்று சொல்வதுண்டா? காசு கொடுத்து எடுத்தவர் பெருமையோடு கொண்டுபோகிறார். தோய்த்து, அழுத்தி, தெறி தைத்து, வரிசையாகத் தொங்கவிட்டு, இருபது ரூபா, ஐம்பது ரூபா என்று விலை வைத்தால், வேண்டியவர் வந்து பார்த்து, அளந்து, பேரம் பேசி, பிடித்ததை எடுப்பார். பிடிக்காததை விட்டுப் போவார். விட்டுப்போகும் உரிமைதான் இதிலே முக்கியம். இங்கிலாந்திலே ஒக்ஸ்பாம் நிறுவனத்தார் 1940களின் இறுதியிலே ஒக்ஸ்போர்ட் நகரில் ஒரு கடையாகத் தொடங்கிய முறை இதுவே. சனசமூக நிலையத்தின் முன் விறாந்தை இதற்குப் போதும். வருகின்ற காசைப் புது உள்ளுடுப்பும் துவாயும் வாங்கச் செலவிடலாம்.

இறந்தவர்களின் உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தியேட்டி முடிந்தபின் அவற்றை என்ன செய்வதென்று வீட்டார் தவிப்பது இயல்பு. வாங்குபவர்களிற் சிலருக்கு அதிலே மனத்தடை உண்டு, சிலருக்கு இல்லை. மறைத்துக் கொடுக்கக் கூடாது. சொல்லிக் கொடுத்தால், விரும்பினவர் எடுப்பார்.

இனி, உடுக்க உதவாத துணி. இதற்குப் பருத்தி எது, பொலியெஸ்டர் எது என்று தெரியவேண்டும். தையலோரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து, குறட்டிலே பிடித்து, நெருப்பிலே காட்டுங்கள். பருத்தியென்றால் கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு, கல்லுப்போன்ற ஒரு கறுத்த மணியாகும். பருத்தித் துணிக்கு மோட்டார் திருத்தும் கராச்சுகளிலே எப்போதும் தேவையுண்டு. எண்ணெய் துடைப்பதற்கு அவர்கள் துணியைக் காசுக்கு வாங்குகிறார்கள். பொலியெஸ்டர் அவர்களுக்கு உதவாது. கலந்து கொடுத்தால் அடுத்தமுறை வாங்கமாட்டார்கள். கீலமாகக் கிழித்துக் கால்மிதி பின்னலாம். சந்தையிலே விற்கும் கால்மிதிகள் பல, ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டிலே பின்னியவைதாம். பொலியெஸ்டரும் கால்மிதிக்கு நன்றாக உழைக்கும். அதனிடத்திலே நாம் கண்ட ஒரே நற்குணம் அது. தலையணைக்குள்ளே அடைப்பதற்கும் ஆகும்.

இவையெல்லாம் போக மிஞ்சுவது ஒன்று இருக்கும். அதற்கு இன்று இவ்வூரிலே போக்கிடம் இல்லை என்பதை ஒளிக்காமற் சொல்லவேண்டும். புத்தளத்துச் சீமெந்துச் சூளையிலே ஆடைத் தொழிற்சாலைகளின் கழிவுத்துணி எரிபொருளாக இடப்பட்டு வந்திருக்கிறது. அந்தப் பெருஞ்சூட்டிலே எரிவதற்கும் நமது வளவு மூலையிலே புகைந்து எரிவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. ஆனால், தொழிற்சாலை லொறி லொறியாகச் சேர்க்கிறது. வீடுகளிலே ஒவ்வொரு பையாகக் கிடக்கிறது. பிரதேச சபையின் உழவு இயந்திரம் அள்ளிச் செல்வது குப்பைமேட்டுக்கே. மேடு உயர்ந்தால் என்னவாகும் என்பதை, 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் தேதி, புதுவருஷத்தன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிலே முப்பதுக்கு மேற்பட்டோரை மூடிய குப்பைமலை காட்டிற்று. துணியை வேறாகச் சேர்த்து வைக்க ஓர் இடந் தரும்படி நமது சபையிடம் மனுக் கொடுப்பது நமது மன்றத்தின் வேலை. மனுவை எழுதியாயிற்று, பெரியோர்கள் கையொப்பமிட்டால் அதற்குக் கனம் கூடும்.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் போட்டிக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று, கலியாணத்துக்குத் தோழர்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஒன்று என்று ரீசேட் அடிப்பது எல்லா ஊர்களிலும் இப்போது வழக்கமாகிவிட்டது. மலிவான பொலியெஸ்டர், முன்னே படம், பின்னே பெயர், கீழே ஆண்டு. ஆண்டு போட்ட சட்டையை அடுத்த ஆண்டு எவர் போடுவார்? வேறொருவருக்குக் கொடுக்கவும் முடியாது, பின்னாலே நமது பெயர் இருக்கிறதே! அச்சிடத்தான் வேண்டுமென்றால் பருத்தியிலே அச்சிடுங்கள். பெயரையும் ஆண்டையும் விட்டுவிடுங்கள். வருகின்ற நிர்வாகக் குழுக் கூட்டத்திலே இதை ஒரு பிரேரணையாகக் கொண்டுவரப் போகிறோம். எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும். எதிர்ப்பவர்களும் வந்து பேசட்டும்.

ஒவ்வொரு மாதமும் முதற் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி தொடக்கம் ஐந்து மணி வரை மன்ற மண்டபத்திலே இரண்டு மேசை போடப்படும். ஒரு மேசையில் உடுக்கக்கூடியவை, மற்றதில் துணியாகப் பயன்படக்கூடியவை. மாதர் சங்கத்தார் ஊசியோடும் நூலோடும் அருகிலே இருப்பார்கள்; தையல் மெசின் ஒன்றும் வந்துவிட்டது. தோய்த்து, காயவிட்டு, மடித்துக் கொண்டுவாருங்கள். மூட்டையாகக் கட்டிய எதையும் பொறுப்பெடுக்க மாட்டோம், மண்டபத்து வாசலிலே வைத்துவிட்டு ஓடவும் வேண்டாம். நனைந்ததையும் பூஞ்சணம் பிடித்ததையும் வந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுப்போம், கோபிக்கக் கூடாது. இன்னுமொன்று: கழுசான், சேட்டுப் பைகளையெல்லாம் ஒருமுறை தடவிப் பார்த்துக் கொண்டுவாருங்கள். ஒத்திகைக்காகச் சென்ற மாதம் பிரித்துப் பார்த்தபோது ஒரு சங்கிலித் துண்டும், மூன்று பஸ் ரிக்கற்றும், அடைவுகடைச் சிட்டு ஒன்றும் அகப்பட்டன. சங்கிலிக்கு ஆள் வந்துவிட்டது. சிட்டுக்கு உரியவர் கூட்டம் முடிந்தபின் பொருளாளரைத் தனியே சந்திக்கலாம். பெயர் வெளியே வராது.